நானும் மிஷினும் பாபினும்

ஜனவரி 18

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். குளிருக்கு உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? மிஷின் மிதிக்கும்போது முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வைக்கிறீர்களா, இல்லை அதில் பாபின் வாலைச் சுருட்டிப் படுத்திருக்கிறாளா?

வேலை பழகிவிட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரியின் கடைசிக் கட்டிடத்தில், மாடிப்படிக்குப் பக்கத்து அறைதான் எங்கள் ஆய்வகம். ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம் மட்டும் தெரியும். அறையில் அட்டெண்டர் அண்ணன், ஆராய்ச்சி மாணவிகள் இரண்டு பேர், நான். மேடத்துக்குப் பக்கத்தில் தனி அறை. மேடம் பெண் நாய்களின் கர்ப்பப்பையை ஆராய்கிறார். அறுவைச் சிகிச்சையில் எடுத்த கர்ப்பப்பைகள் மருந்துத் தண்ணீரில் மிதந்தபடி பாட்டிலில் வரும். நான் அவற்றைத் துண்டாக்கி, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவேன். சீவும்போது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் மாதிரி நீளும். அந்த நேரத்தில் மட்டும் உங்கள் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

நாயின் கர்ப்பப்பை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் பாஷையில் சொன்னால் ஒரு காற்சட்டை. இடுப்பு குட்டை, கால்கள் இரண்டும் நல்ல நீளம். குட்டிகள் அந்தக் கால்களுக்குள்தான் வரிசையாக வளரும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. பெண் குட்டி பிறக்கும்போது அதன் கர்ப்பப்பையின் உட்புறம் வழவழவென்று வெறும் சுவராக இருக்கிறது. பிறந்த பிறகுதான் அந்தச் சுவர் மெல்ல மெல்ல உள்ளே மடிந்து, நீங்கள் சீருடைப் பாவாடைக்கு மடிப்பு வைப்பது மாதிரி, சுரப்பிகளாக ஆகிறது. பின்னால் வரும் நோயும் பெரும்பாலும் அந்த மடிப்புகளில்தான் தொடங்குகிறதாம். மடிப்பே விழாமல் இருந்துவிட்டால் நோயும் வராதோ என்பதுதான் மேடத்தின் கேள்வி. எங்களுக்கு வருபவை பெரும்பாலும் குட்டி வேண்டாமென்று இளம் வயதில் எடுத்தவை. நோய் கண்டது ஒன்று வந்தால் மேடத்தின் முகமே மலர்ந்துவிடும். வயதான நாயின் கர்ப்பப்பை கிடைக்காமல் பாதி வேலை நிற்கிறது.

ஒரு வேண்டுகோள். மருந்துக்கடைக்காரரிடம் என்னை நாய் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, அத்தை. டாக்டர்கள் நாயைப் பார்ப்பார்கள். நான் கண்ணாடியில் ஒட்டியதை மட்டும் பார்க்கிறவள். நம் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான் என்பதால் எல்லாப் பட்டமும் ஒன்றாகிவிடாது.

பாபினின் காதுக்குப் பின்னால் என் சார்பில் சொறிந்துவிடுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

ஊமைச்சிக்கு அத்தை எழுதுவது.

நானும் மிஷினும் பாபினும் நலம். மூன்று பேருக்கும் மூட்டுத்தான் கொஞ்சம் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட்டால் ஓடும். நீ இளைத்துவிடாமல் சாப்பிடு.

உன் கடிதம் கண்டேன். கடிதத்தில் இவ்வளவு பேசுகிறாய். போன மாதம் மருந்துக்கடையிலிருந்து உன் விடுதிக்குப் போன் போட்டேனே, நினைவிருக்கிறதா? சாப்பிட்டியா என்றேன், ம் என்றாய். தூக்கம் வருதா என்றேன், ம். குளிரா என்றேன், அதற்கும் ம். காசு கொடுத்து ம் வாங்குவது எனக்குக் கட்டாது. பேனாவைப் பிடித்தால்தான் உனக்கு வாய் முளைக்கிறது. அதனால் எழுது.

டாக்டர் இல்லையாம். சட்டை தைத்தாலும் தலையணை உறை தைத்தாலும் என் பெயர் தையல்காரிதானே. நாயின் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்கிறவள் நாய் டாக்டர் இல்லாமல் மாட்டு டாக்டரா? மருந்துக்கடைக்காரர் போன வாரம், "உங்க மருமக எழுதிட்டாங்களா? எங்க வீட்டு நாய்க்கு முடி கொட்டுது, கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன். சொல்.

பிறந்த பிறகு மடிப்பு வைக்கிற தையலை நான் எங்கும் பார்த்ததில்லை. அவசரத்தில் பாதி தைத்து அனுப்பிவிட்டு, மீதியை வீட்டில் தைத்துக்கொள் என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

பாபினுக்கு இந்தத் தடவை ஊசியும் போட்டாயிற்று. அவள் பருவத்துக்கு வந்த முதல் வருஷம் உனக்கு மறந்திருக்காது. தெருவில் உள்ள ஆண் நாய் எல்லாம் வாசலில் வந்து வரிசை கட்டி உட்கார, அளவு கொடுக்க வந்த பிள்ளைகள் பயந்து ஓடி, பாதிப் பள்ளிக்கூடம் வேறு தையல்காரரிடம் போய்விட்டது. ஊசி போட்டால் பருவமே வராது என்று மாட்டு டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து ஒரு தவணைகூட நான் விட்டதில்லை. "உங்களை மாதிரி நாள் தவறாம வர்றவங்க இந்த ஊர்லயே கிடையாது" என்று இந்தத் தடவையும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உன் பழைய தலையணையில்தான் படுத்திருக்கிறாள். என் முதுகுக்குச் சுவர் இருக்கிறது.

அத்தை


பிப்ரவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். சுவரில் சாயாதீர்கள், ஈரம் இழுக்கும். தலையணையை அவளிடமிருந்து பிடுங்கவும் வேண்டாம். வேறொன்று தைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக்காரர் வீட்டு நாய்க்கு என்ன என்று எனக்குத் தெரியாது. பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இந்த வாரம் மேடம் எதிர்பார்த்தபடி நோய் கண்ட கர்ப்பப்பை ஒன்று வந்தது. பாட்டிலைப் பார்த்ததும் நான் வேறு ஏதோ உறுப்பு என்று நினைத்துவிட்டேன். காற்சட்டையின் இரண்டு கால்களிலும் பஞ்சைத் திணித்துத் தைத்த மாதிரி உப்பிக் கிடந்தது. வெட்டினால் உள்ளே சீழ். அந்த நாய்க்கு வெளியே எதுவும் கசியவில்லையாம். தண்ணீர் மட்டும் நிறையக் குடித்ததாம், வயிறு பெருத்ததாம். வீட்டுக்காரர்கள் குட்டி என்று நினைத்து ஆசையாக இருந்திருக்கிறார்கள். நல்ல வேளையாக நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாய் பிழைத்துவிட்டது.

கண்ணாடித் தகட்டில் பார்த்தேன். அழகான மடிப்புகளாக இருக்க வேண்டிய சுரப்பிகள் எல்லாம் கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தன. வயது ஒரு காரணம் என்று மேடம் சொன்னார். இன்னொரு காரணமும் சொன்னார். அதை விடுங்கள், எல்லா நாய்க்கும் அப்படி ஆவதில்லை.

அத்தை, பாபினுக்கு அந்த ஊசியை எந்த வருஷத்திலிருந்து போடுகிறோம்? நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே போட்டது நினைவிருக்கிறது. நடுவில் ஒரு தடவையாவது விட்டுப்போனதா? சும்மாதான் கேட்கிறேன். இனிமேல் போட வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது, அவளுக்குத்தான் வயதாகிவிட்டதே. அடுத்த தவணைக்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 1

ஊமைச்சிக்கு,

நானும் மிஷினும் பாபினும் நலம். மிஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று. உனக்கு ஒரு ஸ்வெட்டர் பாதியில் நிற்கிறது. பள்ளிக்கூடச் சீருடை வேலை முடிந்ததும் முடித்து அனுப்புகிறேன்.

ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு தடவைகூட விட்டதில்லை என்று போன கடிதத்திலேயே எழுதினேனே. படித்த பெண் சரியாகப் படிக்க வேண்டாமா?

இப்போது செய்தி. உன் பாபின் என்னை ஏமாற்றிவிட்டாள் போலிருக்கிறது. வயிறு தெரிகிறது. நடை மாறிவிட்டது. நாள் முழுக்கத் தூக்கம். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஆனால் தண்ணீர் மட்டும் குடித்து மாளவில்லை. கிண்ணம் போதாமல் வாளியையே வைத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்களுக்குத் தெரியாமலே சம்பந்தம் முடிஞ்சிருச்சு, பந்தி போட வேண்டியதுதான்" என்று சிரித்தார். ஊசி போட்டும் எப்படி என்று எனக்கும் புரியவில்லை. வேலியில் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்த வயதில் இது தேவையா என்று அவளைத் திட்டினேன். வாலை ஒரு ஆட்டு ஆட்டினாள், அவ்வளவுதான்.

சீருடைத் துணியில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு மெத்தை தைத்திருக்கிறேன். குட்டிகள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நீலத்தில் கிடக்கும்.

உன் கடிதத்தில் வேறு யாருடைய நாயோ தண்ணீர் குடித்ததாக எழுதியிருந்தாய். அதை நினைத்துக்கொண்டு நீ அங்கே உட்கார்ந்து பயப்படுவாய் என்று தெரியும். அதனால் டாக்டரே, பார்த்துச் சொல்லுங்கள். மாட்டு டாக்டர் தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டார். அவர் எதற்கு, நீ இருக்கும்போது? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அத்தை


மார்ச் 7

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? கடிதம் இன்று மதியம்தான் கைக்கு வந்தது. உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் சில விஷயங்களைக் கொஞ்சம் கவனித்துச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா? வாந்தி எடுக்கிறாளா? பின்பக்கம் ஈரமாக, நாற்றத்தோடு ஏதாவது கசிகிறதா? வயிற்றை மெதுவாகத் தொட்டால் முனகுகிறாளா?

தண்ணீர் நிறையக் குடிப்பது குட்டிக்கான அடையாளம் இல்லை என்று நினைக்கிறேன். வயிறு பெருத்தால் எல்லாம் குட்டி என்றும் சொல்ல முடியாது. வேறு காரணமாகவும் இருக்கலாம். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், நான் பார்க்கவில்லை, பார்த்தாலும் சொல்லக்கூடிய படிப்பு எனக்கு இல்லை. எதற்கும் யாராவது ஒரு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. முடிந்தால் சீக்கிரம்.

மேடத்திடம் கேட்டு எழுதலாம் என்று அவர் அறைக்கதவு வரைக்கும் போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். மறுபடி போனபோது அவர் கிளம்பிவிட்டார். நாளை கேட்பேன்.

மெத்தை நீலமா? அழகாக இருக்கும். அவளை அதில் படுக்க வையுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 14

ஊமைச்சிக்கு,

நானும் மிஷினும் பாபினும் நலம். மூன்றாவது ஆள் கொஞ்சம் சோர்வு.

உன் கடிதம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று நீ எழுதியதை மருந்துக்கடைக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர், "படிச்சவங்க சொன்னா சரிதான்" என்றார். உன் கேள்விகளுக்குப் பதில்: கை வைத்துப் பார்த்தால் சூடாகத்தான் இருக்கிறாள், நாய் எப்போதும் சூடுதானே. வாந்தி நேற்று இரண்டு தடவை. கசிவு எதுவும் இல்லை, சுத்தமாக இருக்கிறாள். அதனால் அதைப் பற்றிக் கவலைப்படாதே. வயிற்றைத் தொட்டால் முனகவில்லை, என் கையை மட்டும் நக்குகிறாள்.

மாட்டு டாக்டர் அடுத்த வாரம் முகாம் முடிந்து வருகிறார். வந்ததும் காட்டுகிறேன். பெரிய ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். வண்டியில் அவ்வளவு தூரம் குலுங்கினால் உள்ளே இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? நீயும் அவசரம் என்று எழுதவில்லை. முடிந்தால் சீக்கிரம் என்றுதானே எழுதியிருக்கிறாய். நீ எதையும் மென்று விழுங்குகிறவள்தான், ஆனால் அவள் விஷயத்தில் விழுங்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் படுத்த இடத்திலிருந்து எழுந்திருப்பதில்லை. மிஷின் நின்றால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அதனால் துணி இல்லாவிட்டாலும் சும்மா மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை


மார்ச் 19

அத்தை,

நலம் விசாரிக்க நேரமில்லை. இது கிடைத்தவுடன், செருப்பு மாட்டக்கூட நிற்காமல், பாபினைப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அது குட்டி இல்லை. கர்ப்பப்பை நிறையச் சீழ். கசிவு இல்லாததுதான் ஆபத்து. கர்ப்பப்பையின் வாய் மூடியிருப்பதால் எல்லாம் உள்ளேயே தங்கி இரத்தத்தில் கலக்கும். வயிற்றைத் திறந்து எடுப்பது ஒன்றுதான் வழி. நான் டாக்டர் இல்லை. மேடத்திடம் கேட்டுவிட்டேன். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். "இதை ஏன் போன வாரமே சொல்லலை?" என்று கேட்டார்.

'பயப்பட ஒன்றுமில்லை' என்று நான் எழுதியது உங்களைப் பயமுறுத்தக் கூடாது என்பதற்காக. அது மருத்துவம் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஊருக்குக் கிளம்ப விடுப்புக் கேட்டேன். அலுவலகத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். சொன்னேன். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நாள் முழுக்க நாய்களை வைத்துத்தான் இந்தக் கட்டிடமே ஓடுகிறது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவளுக்கு நாயைக் காட்டி விடுப்புக் கிடையாதாம்.

பிறகு மருந்துக்கடைக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். "அத்தை காலையிலேயே நாயைப் போர்வையில சுத்தி வண்டியில ஏத்திட்டுப் போனாங்களே, டாக்டர் வந்துட்டாராம். ஏதாவது சொல்லணுமா?" என்றார். 'ம்' என்று மட்டும் சொன்னேன். அவர் வைத்துவிட்டார்.

அதனால் இந்தக் கடிதம் வருவதற்குள் எல்லாம் ஆகியிருக்கும் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். எழுதாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மருமகள்


ஏப்ரல் 3

ஊமைச்சிக்கு,

நானும் மிஷினும் நலம்.

பதில் தாமதம். புதுப் பள்ளிக்கூடம் ஒன்று சீருடை கேட்டிருக்கிறது. இதுவும் நீலம்தான், கொஞ்சம் அடர்த்தி. இரவு பகலாக வேலை. வேலை இருப்பது நல்லதுதான்.

டாக்டர் பார்த்தார். தன்னால் முடிந்ததைச் செய்தார். நல்ல மனிதர். அவளுக்கு இப்போது வலி ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாமல் உன் வேலையைப் பார். விடுப்புக் கேட்டு வேலைக்கு வம்பு இழுத்துக்கொள்ளாதே. நீ வந்து செய்ய இங்கே ஒன்றுமில்லை.

உன் மேடத்துக்கு வேண்டியது கிடைத்ததா? பாதி வேலை நிற்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். எங்கிருந்தாவது கிடைக்கும். கிடைத்தால் நன்றாகச் செய். உனக்கு அதில் நல்ல பெயர் வரட்டும்.

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. கை கொஞ்சம் நீளமாகிவிட்டது. மடித்துக்கொள்.

அத்தை


ஏப்ரல் 12

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது. கையை மடித்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் வந்தது. வெளியூர் டாக்டர் ஒருவர் அனுப்பியது. கூடவந்த சீட்டில் பெண் நாய், கலப்பினம், எட்டு வயது என்று இருந்தது. வளர்த்தவர் பெயர் எழுதும் இடம் காலி. பாட்டில் உடையாமலிருக்க, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு நீலப் பையில் இருந்தது. அட்டெண்டர் அண்ணன் அதைத் தூக்கிக் காட்டி, "பாட்டிலுக்குச் சட்டை போட்டு அனுப்பியிருக்காங்க பாரு, குளிருமேன்னு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பையின் நான்கு மூலையிலும், கிழியாமலிருக்க, உள்பக்கமாகச் சின்ன முக்கோணம் வைத்துத் தைத்திருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடியும்வரை, நீங்கள் தைத்த பையில் அந்த முக்கோணத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவள் நான். பெயர் எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னீர்களே அத்தை, தைக்க வேண்டாம் என்று உங்கள் கைக்குச் சொல்லவில்லையே.

மேடம் சந்தோஷப்பட்டார். இந்த வயதில் இப்படிச் சேதமில்லாமல் ஒன்று கிடைத்ததே இல்லையாம். ஆராய்ச்சி மாணவி ஒருத்தியிடம் கொடுக்கப் போனார். "நானே வெட்டுறேன், மேடம்" என்றேன். இங்கே வந்த பிறகு நான் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மெதுவாகத்தான் வெட்டினேன். ரிப்பன் அறுபடவில்லை. தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் கண்ணாடியில் எடுத்தேன். என் கையால் செய்த தகடுகளில் அதுதான் சுத்தமானது. அதற்கு மேல் என்னால் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

வயதானால் இப்படி வருவது உண்டு, அத்தை. உட்கார்ந்து யோசிக்காதீர்கள். அறிக்கையை மேடம் டாக்டருக்கு அனுப்புகிறார். அதில் வைத்தியச் சொற்கள் நிறைய இருக்கும். நீங்கள் அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டாம். பொடி எழுத்து, கண்ணுக்குக் கெடுதல்.

நீலப் பை என்னிடம்தான் இருக்கிறது. திருப்பி அனுப்ப மாட்டேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 27

ஊமைச்சிக்கு,

நானும் மிஷினும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

படிக்காதே என்று எழுதினால் படிக்கத் தோன்றும் என்று உனக்குத் தெரியாதா? உனக்கு நான் எதையாவது படிக்காதே என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? அறிக்கை வந்த அன்றே போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு தடவை தனக்குள் படித்தார். "சத்தமாப் படிங்க, எனக்குப் புரியும்" என்றேன். படித்தார். அப்புறம் மேஜை மேலிருந்த ஊசி மருந்துப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவர் பாவம். அவருக்கும் யாரோ இது நல்லது என்று சொல்லித்தானே கொடுத்திருப்பார்கள்.

இதற்கு மேல் எழுத்து நடையில் எழுத வரவில்லை. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

நீ பிப்ரவரியிலயே கேட்ட. எந்த வருஷத்துலேர்ந்து ஊசி போடுறோம், நடுவுல விட்டுப்போச்சான்னு. சும்மா கேக்குறேன்னும் எழுதியிருந்த. நான் ஒரு தடவைகூட விடலைன்னு பெருமையா எழுதினேன். அதைப் படிச்சப்ப உன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் நினைச்சுப் பார்க்குறேன். நீ மென்னு முழுங்கினது எனக்காகத்தான். அது எனக்குத் தெரியாம இல்ல. அப்பச் சொல்லியிருந்தாலும் அந்த ஊசி உள்ள போயாச்சு, நீயும் என்ன பண்ணியிருப்ப. ஆனா அடுத்த கடிதத்துல பயமா இருக்குன்னு எழுதியிருந்தா நான் நடந்தே போயிருப்பேன். இதைத் திட்டா எடுத்துக்காத. திட்டணும்னா முதல்ல என்னையத்தான் திட்டணும். நாள் தவறாம கூட்டிட்டுப் போனது நான். ஊசி போடுறப்ப அவ ஒரு தடவைகூடக் கத்தினதில்ல. தலையை என் கை மேல வச்சுக்குவா.

பாட்டில் விஷயத்துல நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சேன். குழியில போடுறதுக்குப் பதிலா உனக்காவது உதவட்டும்னுதான் கேட்டு அனுப்பினேன். நீயே வெட்டுவேன்னு நான் யோசிக்கல. அதை யோசிச்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்.

மருந்துக்கடைக்காரர் அவர் வீட்டு நாய்க்கு இந்த மாசம் ஊசி போடணும்னாரு. வேண்டாம், என் மருமக ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தாச்சுன்னு சொன்னேன். "டாக்டர் சொன்னா சரி"ன்னாரு. நீ டாக்டர் இல்லைன்னு இந்தத் தடவை அவர்கிட்டச் சொன்னேன். அவர் நம்பல.

இப்பல்லாம் மிஷினை நிறுத்தினா வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை நானே மருந்துக்கடையிலேர்ந்து உனக்குப் போன் பண்றேன். விடுதியிலயே இரு. உனக்குப் பேச வரலைன்னா வேண்டாம். நான் கேக்குறதுக்கு ம்னு சொல்லு, போதும். காசு போனாப் போகுது.

அத்தை